ஊர்ப்புறச் சிறு நூலகத்தில் வாசகர் வட்டம்: பத்துப் பிரதிகளுக்கு எங்கே போவது?

ஜூன் 7 (கேள்வி)

எங்கள் நூலகம் ஓரறைக் கட்டடம். நூலகர் ஒருவரே, அவரும் அரை நாள்தான் இருக்கிறார். மாதம் ஒரு நூலை எல்லோரும் படித்துவந்து பேசும் வாசகர் வட்டம் ஒன்றைத் தொடங்க விரும்புகிறோம். ஆனால் பெரும்பாலான நூல்களுக்கு ஒரு பிரதிதான் இருக்கிறது. பத்துப் பேராவது சேர்வார்கள் என்பதால், பத்துப் பிரதிகள் இல்லாமல் இதைத் தொடங்குவதில் பொருளில்லை என்பது என் கருத்து. நூலகத்தின் நூல் நிதியில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கும்படி கேட்கலாமா, அல்லது நாங்களே பணம் திரட்டி வாங்க வேண்டுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 8, காலை

நூல் நிதியைத் தொட வேண்டாம் என்பதே என் முதல் பதில். சிறு நூலகத்துக்குக் கிடைக்கும் தொகையில் ஒரே தலைப்பின் பத்துப் பிரதிகளை வாங்கினால், வட்டத்தில் சேராத மற்ற வாசகர்களுக்கு வந்திருக்க வேண்டிய ஒன்பது வேறு நூல்கள் வராமல் போகின்றன. அவர்களில் பள்ளி மாணவர் இருப்பார், தேர்வுக்குப் படிப்பவர் இருப்பார், நாளிதழைப் புரட்டிவிட்டுப் போகிற போக்கில் ஒரு வரலாற்று நூலை எடுத்துச் செல்லும் முதியவர் இருப்பார். நம் கூட்டம் முடிந்த மறுநாளிலிருந்து அந்தப் பத்தில் ஒன்றுதான் இரவல் போகும். மற்றவை தட்டை அடைத்துக்கொண்டு நிற்கும். நான் வாசகர் வட்டம் நடத்திவரும் நூலகத்தில், எப்போதோ ஒரு திட்டத்தின் கீழ் மொத்தமாக வந்து சேர்ந்த ஒரே நூலின் பிரதிகள் இன்னமும் ஒரு தட்டு முழுவதையும் பிடித்திருக்கின்றன.

பணம் திரட்டுவதில் வேறொரு சிக்கல் உண்டு. மாதந்தோறும் ஒரு நூலுக்குப் பணம் கேட்டால், கொடுக்க இயலாதவர்கள் காரணம் எதுவும் சொல்லாமல் மெல்ல விலகிவிடுவார்கள். அவர்கள் விலகியது நமக்குத் தெரியவே சில மாதங்கள் ஆகும். பொது நூலகம் கொள்கையளவில் கட்டணமற்றதாக இருக்க வேண்டும் என்று, யுனெஸ்கோவும் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பும் 1994-இல் வெளியிட்டு 2022-இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை கூறுகிறது. நூலகத்துக்குள் நடக்கும் வட்டமும் அந்த நெறிக்கு உட்பட்டதே.

ஜூன் 8, இரவு

காலையில் எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் வட்டமே வேண்டாம் என்கிறீர்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பத்துப் பிரதிகள் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அவை உங்கள் நூலகத்துக்குச் சொந்தமாக இருந்தே தீர வேண்டும் என்பதைத்தான் மறுக்கிறேன். பிரதிகள் பயணம் செய்யலாம். பல நாடுகளில் பெரிய நூலகங்கள் ஒரே நூலின் எட்டு முதல் பன்னிரண்டு பிரதிகள் வரை ஒரு பையில் இட்டு, விவாதக் கேள்விகள் சிலவற்றையும் உடன் வைத்து, வாசகர் வட்டங்களுக்குச் சில வாரங்களுக்கு இரவல் தருகின்றன. அந்தப் பை முழுவதும் ஒரே இரவலாகப் பதிவாகிறது. ஒரு வட்டம் திருப்பித் தந்ததும் அது அடுத்த ஊருக்குச் செல்கிறது. ஒவ்வொரு நூலகமும் ஆண்டுக்கு ஒரு தலைப்பில் ஒரு பையை உருவாக்கினால் போதும். பன்னிரண்டு நூலகங்கள் சேர்ந்தால் ஒவ்வொன்றும் மாதம் ஒரு நூலைப் படிக்கும்.

இது புதிய எண்ணமும் அன்று. நியூயார்க் மாநிலத்தில் மெல்வில் டியூயி என்னும் நூலகர் 1893-இல் தொடங்கிய பயண நூலகங்கள், நூறு நூல்கள் கொண்ட தொகுதியை நூலகமே இல்லாத ஊர்களுக்கு ஆறு மாத இரவலாக அனுப்பின. மேரிலாந்தின் வாஷிங்டன் மாவட்டத்தில் மேரி டிட்காம் என்னும் நூலகர் முதலில் கடைகளிலும் அஞ்சல் நிலையங்களிலும் நூற்பெட்டிகளை வைத்தார்; அதுவும் போதவில்லை என்று கண்டு 1905-இல் குதிரை வண்டியில் நூல்களைப் பண்ணை வீடுகளுக்கே அனுப்பினார். அந்த வண்டியை ஓட்டியவர் நூலகத்தின் காவல் பணியாளர். நம் பக்கத்தில் 1931 அக்டோபரில் மன்னார்குடி அருகே கனகசபைப் பிள்ளை அமைத்த மாட்டுவண்டி நூலகத்தை நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் தொடங்கிவைத்தார். அதே ஆண்டில்தான் அவருடைய ஐந்து நூலக விதிகளும் நூலாக வெளிவந்தன. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்னும் மூன்றாம் விதிக்கு, ஓரிடத்தில் நில்லாமல் ஊர் ஊராகப் போகும் நூலைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 10

பைக்குள் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டவருக்கு:

பிரதிகள் எல்லாம் ஒரே பதிப்பாக இருப்பது நல்லது. பதிப்புகள் மாறினால் பக்க எண்கள் மாறும். "நூற்றிருபதாம் பக்கத்தில் அவள் சொல்கிறாளே" என்று ஒருவர் தொடங்கும்போது, பாதிப் பேர் தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரே பதிப்பு கிடைக்காவிட்டால், இயல் எண்ணைச் சொல்லிப் பேசும் பழக்கத்தைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஏற்படுத்திவிட வேண்டும். ஒவ்வொரு பிரதிக்கும் பையின் எண்ணும் பிரதியின் எண்ணும் சேர்ந்த அடையாளம் வேண்டும்: மூன்றாம் பையின் ஏழாம் பிரதி 3/7. யார் எந்தப் பிரதியை எடுத்தார் என்பதை எழுதும் தாள் ஒன்று பையிலேயே இருக்க வேண்டும். ஆசிரியரைப் பற்றி அரைப் பக்கக் குறிப்பு, ஏழெட்டுக் கேள்விகள், இவற்றுக்கு மேல் ஒரு சிறிய குறிப்பேடு.

குறிப்பேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நூலைப் படித்து முடித்த ஒவ்வொரு வட்டமும், தங்கள் பேச்சு எங்கே சூடு பிடித்தது, எங்கே தடைப்பட்டது, எந்தக் கேள்வி வீணாயிற்று என்பதை அதில் எழுதி அடுத்த ஊருக்கு அனுப்புகிறது. அச்சிட்ட கேள்விகள் பெரும்பாலும் பயனற்றவை, "இந்நாவலின் மையக் கருத்து யாது?" என்று கேட்டால் எல்லோரும் தேர்வறையில் உட்கார்ந்ததுபோல் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். முந்தைய ஊரின் குறிப்பேட்டில், "இங்கே பாதிப் பேர் அந்தத் தந்தையை வெறுத்தார்கள், மற்றவர்கள் அவருக்காக அழுதார்கள்" என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டிய மாலையில், எங்கள் கூட்டம் விளக்கணைக்கும் நேரத்தையும் தாண்டி நடந்தது. வேறோர் ஊரில் முகம் தெரியாத சிலர் இதே நூலைப் படித்து இப்படிச் சண்டையிட்டிருக்கிறார்கள் என்னும் செய்தி, எந்த முன்னுரையும் தராத ஊக்கத்தைத் தருகிறது.

ஜூன் 11

"அருகில் வேறு நூலகமே இல்லை, இருந்தாலும் அவர்கள் ஒத்துழைக்க மாட்டார்கள், நாங்கள் தனித்து என்ன செய்வது?" என்னும் கேள்வி நியாயமானது. பன்னிரண்டு நூலகங்கள் சேர்ந்தால் என்று எளிதாக எழுதிவிட்டேன். இரண்டு நூலகங்களைச் சேர்ப்பதே எவ்வளவு பெரிய வேலை என்பதை நானும் அறிவேன். எனவே ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொண்டு நடத்தும் வழிகளையும் சொல்ல வேண்டும்.

எல்லோரும் ஒரே நூலைப் படித்தால்தான் வாசகர் வட்டம் என்னும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஸ்வீடனில் ஆஸ்கர் ஓல்சன் என்பவர் 1902-இல் லுண்ட் நகரில், மதுவிலக்கு இயக்கத்தினரிடையே படிப்பு வட்டங்களைத் தொடங்கினார். படிக்க வசதியற்ற உழைப்பாளிகளே அவற்றின் உறுப்பினர்கள். நூல்கள் உறுப்பினர்களிடையே கைமாறின. சுற்று முடிந்ததும் அவை இயக்கத்தின் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 1912 முதல் இத்தகைய வட்ட நூலகங்களுக்கு அந்நாட்டு அரசு மானியம் வழங்கத் தொடங்கியது. அங்கே வட்டம் நூலகத்திடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. வட்டம் படித்தது நூலகமாக வளர்ந்தது. நம் வட்டங்களையும் நான் இந்த ஓர் அளவுகோலால்தான் அளந்து பார்க்கிறேன்: ஓராண்டு முடியும்போது, அந்த வட்டம் இருந்ததால் நூலகம் வளமடைந்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா?

இதை இன்றே செய்யலாம். ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள்: ஆறுகள், தன்வரலாறு, பஞ்ச காலம், முதல் வேலை என எதுவாகவும் இருக்கலாம். நூலகர் அதையொட்டிப் பத்து நூல்களை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைக்கட்டும். ஆளுக்கு ஒன்று எடுத்துச் சென்று படித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசிவிட்டு, இன்னொருவருடையதை வாங்கிச் செல்லுங்கள். நான்காம் சுற்றில் ஒரே நூலை நால்வர் படித்திருப்பார்கள். அதற்குள் விவாதமும் தானாக வந்துவிடும். எடுக்க ஆளில்லாமல் கிடந்த நூல்களும் இதனால் வெளியே வருகின்றன.

ஜூன் 11, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. பொருள் சார்ந்த வட்டத்தில், தன் நூலைப் பற்றிப் பேசுபவர் கதையை முழுவதும் சொல்லிவிடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் நிறுத்திக்கொண்டு, ஒரு பத்தியை மட்டும் வாசித்துக் காட்டினால், அடுத்தவர் கை தானாக நீளும்.

ஜூன் 14

ஒரே பிரதியில் நடத்தக்கூடிய இன்னொரு வழி, எனக்கு மிகவும் நெருக்கமானது: ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்பது. ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டால், வாசிக்க அரை மணி, பேச ஒரு மணி. வீட்டில் படித்துவர வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. "நான் படித்து முடிக்கவில்லை, அதனால் வரவில்லை" என்பதுதான் வட்டங்கள் கலைந்துபோவதற்கு நான் அறிந்த முதற்காரணம். அந்தக் காரணத்தையே இந்த முறை இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், தொழிலாளர்கள் இலை சுருட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உயரமான இருக்கையில் அமர்ந்து நாளிதழையும் நாவலையும் வாசிக்கும் வழக்கம் உண்டாயிற்று. வாசிப்பவருக்கான ஊதியத்தைத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். எழுத்தறியாதவர்களும் நாவலின் அடுத்த பகுதிக்காகக் காத்திருந்தார்கள். இங்கிலாந்தில் லிவர்பூலை மையமாகக் கொண்ட 'தி ரீடர்' என்னும் அறக்கட்டளை, இன்றும் நூலகங்களிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இதே முறையில் வட்டங்களை நடத்துகிறது.

எங்கள் வட்டத்தில் ஓர் அம்மாள் பல மாதங்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், வாசிக்கச் சொல்லாதீர்கள் என்று முதல்நாளே கேட்டுக்கொண்டார், நாங்களும் கேட்கவில்லை. ஒருநாள் ஒரு கதையில் மாமியார் பேசும் வசனத்தை ஒருவர் வாசித்தபோது, "அப்படிப் பேசமாட்டாள், அவள் பயந்துபோய்ப் பேசுகிறாள், மெதுவாக வாசியுங்கள்" என்றார். திரும்ப மெதுவாக வாசித்தோம்; கதை வேறாக இருந்தது. நன்கு படித்தவர்கள் பலர் அமர்ந்திருந்த அறையில் அந்தக் கதையைச் சரியாகப் படித்தவர் அவர்தான். வாசகர் என்னும் சொல்லுக்குள் யாரெல்லாம் அடங்குவார்கள் என்பதை முடிவுசெய்யும்போது, நூலகங்கள் இவரைப் போன்றவர்களை மறந்துவிடக் கூடாது என்று அன்றிலிருந்து எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

ஜூன் 15

உரக்க வாசிப்பதால் மற்ற வாசகர்களுக்கு இடையூறு ஆகாதா என்று கேட்டிருக்கிறார்கள். ஓரறை நூலகத்தில் ஆகும். நூலகம் மூடிய பின் ஒன்றரை மணி நேரம் நடத்தலாம். சாவிக்கு யார் பொறுப்பு என்பதை மட்டும் எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். திண்ணையோ மரநிழலோ இருந்தால் இன்னும் நல்லது.

ஜூன் 19

கேரளத்தில் இன்று வாசிப்பு நாள், பி. என். பணிக்கரின் நினைவு நாள். ஜூன் 11-இல் கேட்கப்பட்ட, நூலகங்களை எப்படிச் சேர்ப்பது என்னும் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில் ஒரு விடை இருப்பதால் இங்கே எழுதுகிறேன். அவர் பள்ளி ஆசிரியர். 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைக் கூட்டிவைத்துத் திருவிதாங்கூர் நூலகச் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் ஆயிரக்கணக்கான நூலகங்களாக விரிந்த அந்த அமைப்பின் தொடக்கம், ஒன்றையொன்று அறியாத சிறு நூலகங்களை ஓரிடத்தில் உட்காரவைத்ததுதான்.

நாம் அவ்வளவு பெரிதாக எண்ண வேண்டியதில்லை. பக்கத்து நூலகம் ஒன்றோடு தொடங்குங்கள். ஆனால் அலுவல் கடிதத்தோடு தொடங்க வேண்டாம். அந்த நூலகரை உங்கள் கூட்டத்துக்கு அழையுங்கள். அவர் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போகட்டும். எங்கள் பகுதியில் முதலில் சேர்ந்த நூலகர், "என் இருப்பிலுள்ள நூல்களை வெளியே அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை" என்றுதான் தொடங்கினார். அவர் சொன்னது உண்மை. பல இடங்களில் இருப்புப் பதிவேட்டில் ஏறிய நூல் நூலகரின் சொந்தப் பொறுப்பு; தணிக்கையில் ஒரு நூல் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவரது அச்சத்தைத் தயக்கம் என்று தள்ளிவிடாமல், அதற்கு ஒரு வழி காண வேண்டும். நாங்கள் கண்ட வழி: பைகளில் செல்லும் நூல்களை நூலக இருப்பில் சேர்ப்பதில்லை. அவை நன்கொடையாக வந்தவை, வட்டங்களின் கூட்டுப் பொறுப்பில் உள்ளவை என்று தனிப் பதிவேட்டில் எழுதிவைக்கிறோம். சில ஆண்டுகள் சுற்றிவந்த பின், ஊருக்கு ஒரு பிரதியாகப் பிரித்து நூலகங்களுக்குக் கொடுத்துவிடுகிறோம்; அப்போதுதான் அவை முறைப்படி இருப்பில் ஏறுகின்றன.

ஜூன் 24

பதிவேடா, கணினியா என்று இருவர் வாதிட்டிருக்கிறார்கள். கோஹா என்னும் நூலக மென்பொருளை ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார். அது 1999-இல் நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாக்கப்பட்டது. பெருநகரம் எதுவும் இல்லாத பகுதியின் நூலகங்களுக்காகத் தொடங்கி, இன்று உலகெங்கும் பெரிய பல்கலைக்கழகங்கள்வரை பயன்படுகிறது. கட்டற்ற மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் இல்லை. ஆனாலும் அதை நிறுவவும், காப்புப் பிரதி எடுக்கவும், பழுது வந்தால் பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். மாவட்ட அளவில் ஒருவர் நடத்தி, சிறு நூலகங்கள் அதில் இணைந்துகொள்வதானால் மிக நல்லது. ஓரறை நூலகம் தனியாகச் சுமக்கத்தக்கது அன்று.

பைகளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எந்தப் பை, எந்த ஊர், யார் பொறுப்பு, எப்போது போயிற்று, எப்போது வந்தது, எத்தனை பிரதிகள் வந்தன என்னும் ஆறு பத்திகளுக்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள். கைப்பேசியில் அட்டவணையாக வைத்துக்கொள்வதும் இதேதான். எல்லா ஊர்களும் பார்க்கலாம் என்பது கூடுதல் வசதி. நூலகரின் அன்றாடப் பணியில் இந்த வேலை ஒரு நிமிடத்தைக்கூடக் கூட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தனியாளாக இருக்கும் நூலகர் நம் ஆர்வத்தால் களைத்துப்போனால், வட்டமும் போகும், அவருடைய நட்பும் போகும்.

ஜூலை 1

மின்னூல்களைப் பற்றி இதுவரை எழுதவில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தந்துவருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் இருக்கின்றன. ஒரு வட்டத்துக்கு இவற்றின் அருமை, பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே நூலை வைத்திருக்க முடிகிறது என்பதுதான். நாட்டுடைமை நூல்களை எவரும் அச்சிடலாம் என்பதால், ஒரு கதையைப் பத்துத் தாள்களில் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுப்பதிலும் தடையில்லை. கண் மங்கியவர்கள் இதனால் திரும்ப வந்தார்கள்.

இணைய இணைப்பு சரியாக இல்லாத இடங்களுக்கு, கிவிக்ஸ் என்னும் மென்பொருள் உதவும். விக்கிப்பீடியா, விக்சனரி, குட்டன்பர்க் திட்டத்தின் நூல்கள் ஆகியவற்றை ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொண்டால், பிறகு இணையமே இல்லாமல் படிக்கலாம். நூலகத்தின் பழைய கணினி ஒன்றில் இதை ஏற்றிவைத்தோம். கூட்டத்தின் நடுவே எழும் ஐயங்களை அங்கேயே பார்த்துக்கொள்கிறோம்.

எனினும், அச்சு நூலைக் கைவிட்டு இதற்கு மாறிவிடலாம் என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. எங்கள் உறுப்பினர்களில் பலருக்கு வீட்டில் உள்ள கைப்பேசி ஒன்றுதான். அது மாலையில் பிள்ளைகளின் கையில் இருக்கும்.

ஜூலை 2

நேற்றைய குறிப்பில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். எல்லாப் பழைய நூல்களையும் படியெடுக்கலாம் என்று நான் சொல்லவில்லை. இந்தியாவில் ஓர் ஆசிரியரின் பதிப்புரிமை, அவர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை உண்டு. உருசிய மூல ஆசிரியர் மறைந்து நூறாண்டு ஆகியிருந்தாலும், தமிழாக்கம் செய்தவரின் உரிமை உயிரோடு இருக்கலாம். உரிமை உள்ள ஒரு சிறுகதையைப் பத்துப் பேருக்குப் படியெடுக்க விரும்பினால், ஆசிரியருக்கோ பதிப்பகத்துக்கோ எழுதிக் கேளுங்கள். நாங்கள் கேட்ட எழுத்தாளர்கள் எவரும் மறுத்ததில்லை. ஒருவர் கூட்டத்துக்கே வந்துவிட்டார்.

ஜூலை 9

பார்வையற்ற நண்பர் ஒருவர் வட்டத்தில் சேர விரும்புகிறார், என்ன செய்வது என்று கேள்வி கேட்டவரே மீண்டும் எழுதியிருக்கிறார். உரக்க வாசிக்கும் முறையில் அவருக்குத் தடையே இல்லை. தானே படிக்க விரும்பினால், அச்சு நூலைப் படிக்க இயலாதவர்களுக்காக அணுகத்தக்க வடிவில் நூல்களை உருவாக்கவும் நாடுகளிடையே பகிரவும் வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் ஏற்கப்பட்டு 2016-இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதற்கு முதலில் ஏற்பளித்த நாடு இந்தியா. இத்தகைய நூல்களைத் தரும் சுகம்யா புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில் அவர் உறுப்பினராகலாம். வட்டத்துக்கான நூலைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அது அங்கே கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தேர்ந்தெடுத்த பிறகு தேடினால், அவர் ஒவ்வொரு மாதமும் மற்றவர்களுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருப்பார்.

ஜூலை 16

நன்கொடை நூல்களைப் பற்றி வந்திருக்கும் பதில்கள் எல்லாம் ஒரே மகிழ்ச்சியாக இருக்கின்றன. என் அனுபவம் அப்படி இல்லை. "நூலகத்துக்கு நூல் வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால், பழைய பாடநூல்களும், காலாவதியான தேர்வு வழிகாட்டிகளும், அட்டை கிழிந்த வார இதழ்களும் மூட்டையாக வந்து இறங்குகின்றன. கொடுத்தவர் நல்லெண்ணத்தோடு கொடுத்திருப்பார் என்பதால் மறுக்கவும் முடிவதில்லை. அவை இடத்தை அடைப்பதோடு, வெள்ளிப்பூச்சியையும் கரையானையும் நல்ல நூல்களின் அருகே கொண்டுவந்து சேர்க்கின்றன.

எனவே தலைப்பைச் சொல்லிக் கேளுங்கள். "இந்த ஆண்டு எங்கள் பை இந்த நாவல், இதன் பிரதி உங்கள் வீட்டில் இருந்து இனிப் படிக்கப்போவதில்லை என்றால் தாருங்கள்" என்று கேட்டபோது, வெளியூரில் வாழும் எங்கள் ஊர்க்காரர்கள் தேடிப் பிடித்து அனுப்பினார்கள். சிலர் தங்கள் பெயரையும் தாங்கள் அதை முதன்முதலில் படித்த ஆண்டையும் முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்கள். ஒரு பிரதியைக் கொடுப்பது எவருக்கும் பெரிய சுமை இல்லை. பத்துப் பேர் கொடுத்தால் ஒரு பை நிறைந்துவிடுகிறது. கேள்வியில் இருந்த பணம் திரட்டும் யோசனைக்கு என் மாற்று இதுதான்.

ஜூலை 28

பிரதி தொலைந்தால் யார் கொடுப்பது? இதைப் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறீர்கள். தொலைத்தவர் மட்டும் கொடுக்க வேண்டும் என்னும் விதியோடு தொடங்கிய ஒரு வட்டத்தை எனக்குத் தெரியும். அங்கே நூலைத் தொலைத்த ஓர் இளைஞர், அதைச் சொல்ல வெட்கப்பட்டு வட்டத்துக்கும் வரவில்லை, நூலகத்துக்கும் வரவில்லை. ஒரு நூலைக் காக்கும் விதி ஒரு வாசகரை இழக்கச் செய்தது. பையை வாங்கிய வட்டம் முழுவதும் பொறுப்பு என்று வைத்தால், பத்துப் பேர் பகிரும்போது தொகை சிறியது, பெயரும் வெளிப்படாது. ஒன்பது பிரதிகளோடு பை அடுத்த ஊருக்குப் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது, இருவர் ஒரு பிரதியைப் பகிர்ந்துகொள்வார்கள். அந்த வாசகரைத்தான் திரும்பக் கொண்டுவர முடியாது.

நாள் கடந்தால் அபராதம் வேண்டுமா என்பதற்கும் இதே பதில். அபராதம் வேண்டாம். அடுத்த ஊர் காத்திருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். கூடுமானால் அந்த ஊர் வட்டத்தாரிடமிருந்தே ஒரு வரி வரட்டும்.

ஆகஸ்ட் 6

கேள்வி கேட்டவர் இரண்டு கூட்டங்கள் நடத்திவிட்டதாக எழுதியிருப்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேரே இரண்டாவதற்கு வந்தார்கள் என்று வருந்துகிறார். இது எல்லா இடங்களிலும் நடப்பதுதான். நான்கு பேர் இருந்தாலும் வட்டம் வட்டமே. ஆனால் வராதவர்கள் யார் என்று பாருங்கள். அவர்கள் பெண்கள் என்றால், குறித்த நேரம் சமையல் நேரமாக இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் வட்டம் மாலையிலிருந்து பிற்பகலுக்கு மாறியபோது பெண்கள் வந்தார்கள், வேலைக்குப் போகும் ஆண்கள் சிலர் நின்றுபோனார்கள். பிறகு ஒரு மாதம் பிற்பகல், ஒரு மாதம் மாலை என்று வைத்துக்கொண்டோம். அதுவும் முழுத் தீர்வாகவில்லை. நேரம் மாறுவதால் குழம்பி இரண்டுக்கும் வராதவர்கள் இருக்கிறார்கள். நூலகக் கதவில் அடுத்த கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் பெரிதாக எழுதி ஒட்டிய பிறகு குழப்பம் குறைந்திருக்கிறது.

பக்கத்து நூலகர் உங்கள் கூட்டத்துக்கு வந்து, ஒரு பையை உருவாக்கச் சம்மதித்திருக்கிறார் என்பதுதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான செய்தி. எந்த நூலில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நீளமான நாவல் வேண்டாம்; நூற்றைம்பது பக்கங்களுக்கு உட்பட்டதாக, எளிதில் கிடைக்கும் பதிப்பாக, இரு ஊராரும் மாறுபட்டுப் பேச இடம் தருவதாகப் பாருங்கள். நான் ஒரு தலைப்பைச் சொன்னால் அது என் ஊர்ப் பையாகிவிடும். இரண்டு வட்டங்களிலிருந்தும் ஆளுக்கு மூன்று தலைப்புகளை எழுதிக் கொடுக்கச் சொல்லி, இரண்டு பட்டியல்களிலும் வரும் ஒன்றை எடுங்கள். எதுவும் பொதுவாக வராவிட்டால் பக்கத்து ஊரின் தேர்வை முதலில் படியுங்கள். குறிப்பேட்டை மறக்காமல் பையில் வையுங்கள். முதல் பக்கத்தை நீங்களே எழுதி அனுப்புங்கள்.